ஐந்தாவது நிறுத்தம்

கட்டில் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு
தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறார்
ஒச்சப்பன், கண்டக்டர்,
ஆரப்பாளையம் – உசிலம்பட்டி, இருபத்திரண்டு வருஷம்.
கழுத்தடியில் துருத்தும் எலும்பில் விரல் வைத்து
அங்கிருந்து கீழே எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு.
"காளவாசல்" என்கிறார், தலையணைக்குள் முகம் புதைத்தபடி.
மூன்றுக்கு, "நாகமலை."
நான்குக்கு, "செக்கானூரணி."
ஐந்துக்கு, "கருமாத்தூர். எறங்கணுமா மேடம்?"
இறங்கணும்.
அசையாதீங்க.

ஒன்பது மணிக்கு நெஞ்சைத் திறப்பார்கள்.
வலது நுரையீரலைச் சுற்றி
பலாத்தோல் போலத் தடித்த சீழ்ப்படலத்தை உரிப்பார்கள்.
அப்போது அவர் தூக்கத்தில் இருப்பார்.
என் கவலை அதற்கடுத்த நாள்.
விலாவுக்கு நடுவே வெட்டுப்பட்டவன்
கடன் கேட்கிறவன் மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சு வாங்குவான்.
இருமலை விழுங்கிவிடுவான்.
சளி அடியில் தேங்கும்; நுரையீரல்
மழையில் நனைந்த கோணிச்சாக்காகும்.
வலி யாரையும் கொல்லாது என்று சொல்கிறவர்கள்
எங்கள் வார்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

ஸ்கேன் திரையில் எலும்புகளின் நிழல்
வற்றிய வைகையில் பாலத்துத் தூண்கள் போல
வரிசையாக.
தூணுக்கு மேலே தசை படுத்திருக்கிறது.
ஊசி முனை எலும்பைத் தொட்டதும் மருந்தைத் தள்ளுகிறேன்.
அணை திறந்த மறுநாள்
மணலுக்குள் நுழையும் தண்ணீர் மாதிரி
கறுப்பாய் ஒரு கோடு,
தசையை எலும்பிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டு
மேலும் போகிறது, கீழும் போகிறது.
அந்த வழியே நூல் போலொரு குழாயை விட்டு
முதுகில் ஒட்டிவைக்கிறேன்.

பனிக்கட்டியால் தடவிப் பார்த்தேன்.
"சில்லுன்னு இருக்கா?"
"இல்ல. வெறுந்தண்ணி."
முதுகில் வெறுந்தண்ணி. அக்குளில் வெறுந்தண்ணி.
மாரில் மட்டும், "லேசா சில்லுங்குது."
இந்த ஊசி சில பேருக்கு முன்பக்கம்வரை போகும்,
சில பேருக்குப் பாதியில் நின்றுவிடும்.
ஏன் என்று புத்தகங்கள்
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் ராத்திரி மூன்று மணி. ஜெபக்கனி சிஸ்டர் போனில்.
"ஊதற பந்து மூணும் கீழயே கெடக்கு மேடம்.
சாயங்காலம் ரெண்டைத் தூக்கினாரு.
கேட்டா, ஒண்ணுமில்லைங்கறாரு."

போனேன்.
நெற்றி வியர்வை மீசைவரை வந்திருந்தது.
"வலி பத்துக்கு எவ்வளவு?"
"சில்லறை இல்ல மேடம்" என்று சிரிக்கப் பார்த்தார்.
அந்தச் சிரிப்பு பாதி விலாவில் மாட்டிக்கொண்டது.
புரட்டிப் பார்த்தால்
அவர் உடம்புக்கு அடியிலேயே மடங்கிக் கிடக்கிறது குழாய்.
ஒரு சொட்டுப் போகவில்லை, எத்தனை மணி நேரமோ.
"ஏன் கூப்பிடல?"
"அந்த ஊசி ஒரு டிரிப்புக்குத்தான்னு நெனச்சேன்."

ஒன்பது மணிக்கு முன் அவ்வளவு பேசிய நான்
இதைச் சொல்ல மறந்திருக்கிறேன்.

மடிப்பை நீவினேன்.
இருபது மில்லி. நடுநடுவே பின்னுக்கு இழுத்து
ரத்தம் வருகிறதா என்று பார்த்து, மெதுவாக.
பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்,
நான் மானிட்டரைப் பார்த்தேன்.
பக்கத்துக் கட்டிலில் யாரோ டீ கேட்டார்கள்.

வெளியே ரோட்டில் ஒரு ஏர்ஹாரன்.
"ஃபர்ஸ்ட் டிரிப்பு," என்றார் ஒச்சப்பன்.
தோள் சற்றுக் கீழே இறங்கியிருந்தது.
தலையணையைத் தானாக எடுத்து
தையல் மேல் அணைத்துக்கொண்டார்.
"இருமட்டுமா?"

இருமினார்.
வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி,
ஓடுகிற பஸ்ஸின் பின்படியில் நின்று
முன்னால் டிரைவருக்குக் கேட்கவேண்டிய சத்தத்தில்.
கிண்ணத்தில் துப்பினார்.
பழுப்பு நிறம், கெட்டி.
சிஸ்டர் அதை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்து
"நல்லா வருது," என்றாள்.